முதல் சந்திப்பில் மூடியிருந்த அறை

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இருபது மாதம் கழித்து எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரியும், அதை நீ எடுத்துச் சொல்ல வேண்டாம். சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு விவரம் வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே மகள் வீட்டில் பகல் முழுக்க நான் தனி ஆள். அவள் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். எத்தனை நாள்தான் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எதிர்வீட்டில் ஒரு டெய்லரம்மா இருக்கிறாள். இந்த ஊர் ஓட்டல்களில் கிழிந்துபோன விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வாங்கி, தைத்துச் சரிசெய்து திருப்பிக் கொடுக்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. தையல் அவளுக்குத் தெரியும், துணி எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

சிறுதொழில் சங்கத்தில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பிசினஸ் கன்சல்டன்டைச் சந்திக்க ஏற்பாடு செய்து தருகிறார்களாம். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம். டெய்லரம்மா என்னைக் கேட்காமலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி. தனக்கு நாலு பேர் முன்னால் வாய் எழும்பாது, நான்தான் பேச வேண்டும் என்கிறாள்.

லாண்டரிக்கு அப்படி ஒருவரைக் கூப்பிட்ட உனக்குத்தான் அந்த அனுபவம் உண்டே. முதல் தடவை போனால் என்ன கேட்பார்கள்? கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? நாம் பேச வேண்டுமா, அவர்கள் பேசுவார்களா? இதற்கு மட்டும் பதில் எழுது. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருமா அழுகை வருமா தெரியவில்லை, இரண்டுமே இப்போது வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நம் லாண்டரி இஸ்திரிக்காரர்தான் வாசலில் வாங்கிக்கொண்டு வந்தார். "அக்கா கையெழுத்து" என்று நீட்டிவிட்டு, நான் படித்து முடிக்கிற வரைக்கும் நகராமல் நின்றார். "நல்லா இருக்காங்களாம்" என்று சொன்ன பிறகுதான் இஸ்திரி மேஜைக்குத் திரும்பினார். அதற்குள் ஒரு சட்டைக் காலர் கருகிவிட்டது, அது வேறு விஷயம்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதல் சந்திப்பில் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதே. நான் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர்கள் சொல்வது கம்மி, கேட்பதுதான் அதிகம். எதற்காக இந்தத் தொழில், இதில் யார் என்ன செய்யப் போகிறீர்கள், இரண்டு பேருக்கும் கருத்து வேறுபட்டால் முடிவு யாருடையது, ஒரு வருஷம் கழித்து எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள், இப்படிப் போகும். கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கும். பதில் சொல்லும்போதுதான் நாம் இதையெல்லாம் நமக்குள் பேசிக்கொண்டதே இல்லை என்று தெரியும். அதனால் போவதற்கு முன் டெய்லரம்மாவும் நீயும் ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கையில் இரண்டு கிழிந்த விரிப்பும், தைத்துச் சரிசெய்த இரண்டும் கொண்டுபோ. வாயால் சொல்வதைவிட அது லேசு. நீயும் கேள்வி கேட்கலாம், தப்பில்லை. இந்த மாதிரித் தொழிலை முன்னால் பார்த்திருக்கிறாரா, எப்படி வேலை செய்வார், எத்தனை நாளில் யோசனை சொல்வார் என்று கேள். முதல் நாளே எதற்கும் சரி என்று தலையாட்டிவிடாதே. அவரைப் பார்க்கிற மாதிரி அவரும் உங்களைப் பார்க்கிறார், பிடிக்காவிட்டால் இரண்டு பேரும் எழுந்து போகலாம்.

முக்கியமான ஒன்று. நீங்கள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னால், அவருக்காக எதையும் ஒழித்து வைக்காதே. எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டு.

இங்கே எல்லாரும் நலம். லாண்டரியில் வேலை நன்றாக நடக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. டெய்லரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், "உங்க தம்பி எவ்வளவு விவரமா எழுதியிருக்காரு பாருங்க" என்று ஒரே புகழ்ச்சி. நானும் பெருமையாகத்தான் தலையாட்டிக்கொண்டு வந்தேன், நீ எழுதிய அந்த 'முக்கியமான ஒன்று' வரைக்கும். எதையும் ஒழித்து வைக்காதே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் சொல்கிறேன். கன்சல்டன்ட் வருகிறார் என்றதும் முந்தின நாள் நீ கால் தரையில் பாவாமல் அலைந்தாய். சலவையில் அடையாளச் சீட்டு கழன்று, எந்த ஓட்டலுடையது எந்த ஆஸ்பத்திரியுடையது என்று தெரியாமல் சேர்கிற துணிக்கு நாம் வைத்த பெயர் அநாதைக் குவியல். அன்றைக்கு அதில் பதினோரு மூட்டை இருந்தது. பதினொன்றையும் பின்னறையில் போட்டுப் பூட்டினாய். என் மேஜையை நீயே துடைத்து, மேலே புது விரிப்பு போட்டு, ஒரு தண்ணீர் ஜாடியும் வைத்தாய். அந்த மேஜையில் உட்கார்ந்து அந்தக் குவியலைப் பிரிப்பதுதான் பதினாறு வருஷமாக என் வேலை. குவியலைப் பூட்டிவிட்டு ஆளை மட்டும் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள்? கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கன்சல்டன்ட் அம்மா நோட்டும் கையுமாக வந்தார். ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே என் மேஜை முன்னால் வந்து நின்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, டீ சொல்லிட்டு வர்றீங்களா" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை நீ வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். வாங்க போங்க என்றது அன்றைக்கு ஒருநாள்தான். நான் டீயோடு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் பாய்லர் பக்கம் போய்விட்டிருந்தீர்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் அறிக்கை வந்தது. முன்பக்க மேஜையில் இருப்பவருக்கு வரையறுத்த வேலை எதுவும் இல்லை, அந்த இடத்தில் இன்னொரு இயந்திரம் வைக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை நீ என்னிடம் நீட்டினாய், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அப்போதும் பேசவில்லை. போகாதே என்று நீ சொல்வாய் என்று வாசலில் செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் தெரியுமா?

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததை எழுதினார். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எழுதியிருக்க மாட்டார், உன்னிடமும் கேட்டிருப்பார். இருபது மாதமாக எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் டீ வாங்கப் போயிருந்தபோது என்னைப் பற்றி அவர் உன்னிடம் கேட்டாரா? நீ என்ன பதில் சொன்னாய்?

இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடலாம்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

கேட்டார். "இவங்க என்ன வேலை பார்க்குறாங்க?" என்று கேட்டார். நான் சொன்னது இது: "எங்க அக்காங்க. வேலைன்னு ஒண்ணும் இல்ல, சும்மா வந்து உட்காந்திருப்பாங்க." அவர் குறித்துக்கொண்டார். நான் பாய்லரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். உன் வேலையைச் சொல்ல வேண்டும் என்றால் குவியலைச் சொல்ல வேண்டும், குவியலைச் சொன்னால் காட்டுங்கள் என்பார், பின்னறையைத் திறக்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை துணி கலந்துபோகிற இடமா என்று ஒரு வெளியாள் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நம் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் அம்மா என்ன செய்வார் என்று நினைத்துப் பார். கிடப்பதையெல்லாம் அள்ளி உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாங்க வாங்க என்று வரவேற்பார். அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன். துணியோடு சேர்த்து உன்னையும் உள்ளே போட்டுச் சாத்திவிட்டேன். தொழிலுக்கு என்ன நோய் என்று பார்க்க நானே ஆளைக் கூப்பிட்டு, நோயையும் மறைத்து, வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவளையும் மறைத்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அறிக்கை வந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் நான் சொன்ன வாக்கியம் உனக்குத் தெரிந்துவிடும். நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

போன கடிதத்தில் வேலை நன்றாக நடக்கிறது என்று எழுதினேன். பொய். உன் இடத்தில் புது மெஷின் வந்தது, மேஜை பின்னறைக்குப் போனது, குவியல் கூரையைத் தொட்டது. நானே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன், ஒரு மூட்டைக்கு அரை நாள் ஆனது, அதிலும் பாதி தப்பு. கண் ஆஸ்பத்திரி விரிப்பு லாட்ஜுக்குப் போனது, லாட்ஜ் துண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனது. ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள்.

நவம்பரில் அதே கன்சல்டன்டை மறுபடி கூப்பிட்டு, பின்னறையைத் திறந்து காட்டினேன். கூரை வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவையும் முன்னாடி யார் பிரிச்சுக்கிட்டு இருந்தது?" என்றார். சொன்னேன். "அப்ப அந்த மேஜையையா நான் எடுக்கச் சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னிடம், "முதல் நாளே இந்தக் கதவைத் திறந்திருக்கலாமே சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னார்.

மார்ச் ஐந்தாம் தேதி லாண்டரியை வேறு ஒருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கிறேன். இஸ்திரிக்காரரை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வா என்று உன்னைக் கூப்பிட எனக்கு வாய் இல்லை, வந்தால் உட்கார இடமும் இருக்கப் போவதில்லை.

இருபத்தேழாம் தேதி நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்பார்கள். அப்போது இதைச் சொல். விரிப்பின் ஓரத் தையலைப் பார்த்து எந்த ஓட்டல் என்று சொல்வாய். மூலை தேய்ந்திருந்தால் ஆஸ்பத்திரி, மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகுவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். லாட்ஜ்காரர் துணியில் மிச்சம் பிடிப்பார் என்று நான்கு விரல் அகலம் குறைவதை வைத்துக் கண்டுபிடித்தாய். ஒரு மூட்டைக்கு உனக்கு இருபது நிமிஷம். பதினாறு வருஷத்தில் ஒரு துணிகூடத் தப்பான இடத்துக்குப் போனதில்லை. அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது அக்கா.

தம்பி


பிப்ரவரி 28

தம்பி,

நேற்று அந்தச் சந்திப்பு நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், குறுக்கே எதுவும் நினைக்காமல் படி.

உன் கடிதம் நேற்றுக் காலை கிளம்புகிற நேரத்தில் வந்தது. பிரிக்க எனக்குப் பயமாக இருந்தது. படித்துவிட்டு அழுத முகத்தோடு போய் உட்கார வேண்டாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சங்கக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. எங்கள் வீட்டுப் பிள்ளை வயசுதான் இருக்கும் அந்தக் கன்சல்டன்டுக்கு. மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னார். நீ எழுதியிருந்த கேள்விகளையே கேட்டார், எனக்குச் சிரிப்புகூட வந்தது. யார் முடிவெடுப்பது என்றதற்கு இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னோம். தைத்த விரிப்பைத் தடவிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி நீங்க என்ன வேலை பார்த்தீங்கம்மா?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைன்னு ஒண்ணும் இல்லப்பா. தம்பி லாண்டரில சும்மா உட்காந்திருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் கேள்வியெல்லாம் டெய்லரம்மாவிடம் போனது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரச் சந்திப்பு நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

பஸ் நிறுத்தத்தில் உன் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டாவது பத்தியில் என் வாக்கியம் இருந்தது. வார்த்தைகூட அவ்வளவாக மாறவில்லை. இருபது மாதமாக யார் மேல் கோபமாக இருந்தேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நினைத்து நான் ஊரை விட்டுக் கிளம்பினேன், நான் சொன்னதற்கு எங்கே கிளம்பிப் போவது? டெய்லரம்மா என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்து உலுக்குகிறாள், நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இரண்டு பஸ் போய்விட்டது.

பிறகு மறுபடி மாடி ஏறினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உள்ளே ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்ப்பா. நான் சும்மா உட்காந்திருக்கல" என்றேன். உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் கையால் மறைத்து, என் வேலையைப் பற்றி நீ எழுதிய பத்தியை மட்டும் காட்டிப் படிக்கச் சொன்னேன். நின்றபடியே படித்தார். "பதினாலாம் தேதி வாங்கம்மா. இந்த வேலையை எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றார்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மேஜை இழுப்பறையில் ஒரு அட்டை இருக்கிறது. ஒவ்வொரு இடத்துத் துணியிலிருந்தும் ஓர இழை ஒன்றை எடுத்து, வரிசையாகக் குத்தி, பக்கத்தில் யாருடையது என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். எனக்குச் சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்ப்பேன். கிளம்பும்போது அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு லாண்டரியே போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஐந்தாம் தேதிக்கு முன் இது உன் கைக்கு வந்தால், அநாதைக் குவியலில் இருந்து ஒரு மூட்டையும் அந்த அட்டையும் பார்சலில் அனுப்பு. அந்தப் பிள்ளை முன்னால் பிரித்துக் காட்டுகிறேன்.

அக்கா


மார்ச் 7

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நேற்று முன்தினமே எல்லாம் முடிந்துவிட்டது. குவியலை, துடைப்புத் துணிக்கு ஆகும் என்று, மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தலையணை உறைகூட மிச்சமில்லை. இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று தபால்காரரிடம் கோபித்துக்கொண்டேன். அவர் என்ன செய்வார், பாவம்.

கடிதத்தோடு லாண்டரிக்கு ஓடினேன், மேஜை மட்டும் இருந்தது. அவர்கள் பட்டியலில் அது இல்லை, அதனால் யாரும் தொடவில்லை. வெறும் அறையில் நடுவே நின்றது. இழுப்பறை இறுகிப் போயிருந்தது, இழுத்துத் திறந்தேன். அட்டை இருந்தது. முப்பத்தொரு இழை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உன் சின்ன எழுத்து. குவியல் கூரையைத் தொட்ட நாட்களில் நான் இந்த மேஜை மேலேயே மூட்டையை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன் அக்கா. இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நீ சொல்லவில்லை என்று வருத்தப்படாதே. பதினாறு வருஷத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று நான் கேட்டதும் இல்லை.

பாக்கிச் சாவியை வாங்க அவர்களுடைய மேனேஜர் வந்திருந்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "இந்த மேஜைல என்ன வேலை சார் நடந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஓரத் தையலிலிருந்து ஆரம்பித்து, தேய்ந்த மூலை, நான்கு விரல் அகலம், முப்பத்தொரு இழை, ஒன்றையும் விடவில்லை. வாசலில் வண்டி இன்ஜினை ஓடவிட்டபடி நின்றிருந்த அவருடைய டிரைவர் நடுவில் போய் அதை அணைத்துவிட்டு வந்து கேட்டார். இஸ்திரிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லி முடித்தேன்.

மேஜையை நாளைக்கு லாரியில் ஏற்றிவிடுகிறேன். பதினாலாம் தேதிக்கு முன் வந்துவிடும். அட்டை இழுப்பறையிலேயே இருக்கிறது. மேலே பென்சில் கிறுக்கலும் நூல் பிசிறும் உன் டீ டம்ளர் வைத்த வட்டமும் அப்படியே இருக்கும். நான் துடைக்கவில்லை.

தம்பி